காது மாஸ்டரும் நோட்டுக்காரியும்

மார்ச் 4

நோட்டுக்காரிக்கு,

கண்ணாடிப் பலகைக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். வந்து சேர்ந்தால் சரி.

விஷயம் இதுதான். மூன்று மில்லி கம்பி நேராக வரவில்லை. மெஷின் வெட்டிப் போடுகிற துண்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து உருட்டினால், அரைச் சுற்று போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. கோழிக்கூண்டு செய்கிறவர் இரண்டு கட்டுக் கம்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு துண்டை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, கட்டுகளைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். பெரிய ஆர்டரே அவருடையதுதான் என்று உனக்குத் தெரியும்.

கம்பியை நேராக்குகிற சுழல் டப்பாவைத் திறந்து, உள்ளே கம்பியை அழுத்துகிற டைகளைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் இதே வேலையாகப் போயிற்று. மூன்று மில்லிக்கு எந்த டை எங்கே நிற்க வேண்டும் என்று உன் நோட்டில் எழுதி வைத்திருந்தாய் அல்லவா, அந்த நோட்டை வீடு முழுக்கத் தேடிவிட்டேன். மாவு டப்பாவுக்குள்கூடப் பார்த்தேன். எங்கே வைத்தாய் என்று மட்டும் எழுது.

போன் செய்யாதே. அது சரியில்லை. எழுதினால் போதும்.

இங்கே வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.


மார்ச் 11

காது மாஸ்டருக்கு,

ஐந்து மாதம் ஆயிற்று. முதல் கடிதத்தில் என் உடம்பு எப்படி என்று ஒரு வரி கிடையாது. கம்பிக்கு வயிறு தள்ளியது மட்டும் இருக்கிறது. நீங்கள் துளியும் மாறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் மணி அடித்தது. சரியில்லாத போன் மணி அடிக்காது. எடுக்க மனமில்லை என்றால் அதையாவது நேராக எழுதியிருக்கலாம்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. கோபத்தில் எடுத்து வந்தேன். "நோட்டு எதுக்கு? மெஷின் பாடுறதைக் கேட்டா போதும், டை எங்க நிக்கணும்னு அதுவே சொல்லும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வீர்களே. சரி, அதையே கேட்டுக்கொள்ளட்டும் என்று பெட்டியில் போட்டுக்கொண்டேன். இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லாததால் அதைத்தான் படிக்கிறேன். இருபது வருஷத்து அளவுகள்.

டப்பாவுக்குள் ஐந்து டை. முதலாவதும் கடைசியும் நட்ட நடுவில் நிற்க வேண்டும், அவற்றைத் தொடாதீர்கள். இரண்டாவது நடுவிலிருந்து நான்கு கோடு மேலே. மூன்றாவது ஏழு கோடு கீழே. நான்காவது மூன்று கோடு மேலே. அதற்கு முன்னால் கம்பிச் சுருளைப் பாருங்கள். ஸ்டாண்டிலிருந்து சிக்காமல் அவிழ்கிறதா, டப்பாவுக்குள் கோணலாக நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு டையை மட்டும் நகர்த்துங்கள். மூன்றையும் சேர்த்து நகர்த்தினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கட்டில். கூட இருப்பவள் பேக்கிங்கில் வேலை செய்கிறவள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டாள். "கம்பியோட பேசிட்டிருக்கார்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபேக்டரியில் நம் மெஷினைப் போல எட்டு இருக்கின்றன. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். காது மூடி போடாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. அதனால் எட்டு மணி நேரம் யாரோடும் ஒரு பேச்சும் கிடையாது. அதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு.


மார்ச் 19

நோட்டுக்காரிக்கு,

நேராகிவிட்டது. நீ எழுதியபடியே வைத்தேன். நான்காவது டையை மட்டும் அரைக் கோடு கூடத் தள்ள வேண்டியிருந்தது. நோட்டில் திருத்திக்கொள். இப்போது துண்டு கண்ணாடிமேல் தண்ணீர் போல உருள்கிறது. கூண்டுக்காரர் ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

இப்போது வேறு தொல்லை. கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு கீறல் விழுகிறது, திருகாணியின் மரை மாதிரி. விரலை ஓட்டினால் நகத்தில் தட்டுகிறது. வெளியே வரும்போது கையில் பிடிக்க முடியாத சூடு. நேராகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

எதிர்க்கடைத் தையல்காரருக்கு என்மேல் என்னவோ கோபம். தெருவில் எதிரே வந்தால் கையை உதறிவிட்டுப் போகிறார். நான் அவருக்கு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. உன்னிடம்தான் அவர் நன்றாக இருப்பார்.

நான் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். மேஜையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.


மார்ச் 27

காது மாஸ்டருக்கு,

சுற்றுக் கீறல் என்றால் டை தேய்ந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் அழுத்துகிறது. சூடு இருப்பதால் இரண்டுமாக இருக்கும். மூன்றாவது டையைக் கழற்றி உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், பள்ளம் இருக்கும். மாற்றுங்கள். புது டைகள் பச்சை டப்பாவில், பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. மாற்றிய பிறகு திருகுகளை இறுக்கிவிட்டு, கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். கம்பிமேல் எண்ணெய்த் துணி உரசுகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. டை தேய்ந்தால் கீறல் விழுவதற்கு ஒரு வாரம் முன்பே டப்பாவுக்குள் டிக் டிக் என்று மெல்லிசாக ஒரு தட்டல் வரும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். தெருமுனையில் சைக்கிளை மிதித்து வரும்போதே, "மூணாவது டை போச்சு, நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு வந்தவர் நீங்கள். கம்பி கொண்டுவந்த வண்டிக்காரர்தான் அன்றைக்கு உங்களுக்குக் காது மாஸ்டர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில்தான் வாடிக்கையே வந்தது. இப்போது கம்பி மரை போட்டுக்கொண்டு வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

எழுத உட்கார்ந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். கடைசி இரண்டு வருஷம் நீங்கள் என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் அடுப்படியிலிருந்து பேசிக்கொண்டே இருப்பேன், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் வந்து கேட்டால் தலையாட்டுவீர்கள். மழை வருமா என்றால் தலையாட்டல். குழம்பு புளிக்கிறதா என்றால் தலையாட்டல்.

அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். "பெரிய ஃபேக்டரில கூப்பிடறாங்க. நான் போகட்டுமா?" நீங்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினீர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டீர்கள்.

நான் வீட்டைவிட்டு வந்ததாக நீங்கள் எல்லோரிடமும் சொல்லலாம். என் கணக்கில் நீங்கள்தான் அனுப்பிவைத்தீர்கள்.


ஏப்ரல் 6

நோட்டுக்காரிக்கு,

டை மாற்றியாயிற்று. பள்ளம் இருந்தது. கீறல் போய்விட்டது.

தலையாட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நாலு தடவை படித்தேன். அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. வேறு எழுதுகிறேன்.

இப்போது நீளம் சரியில்லை. ஒரு மீட்டருக்கு வைத்தால் பத்துத் துண்டில் மூன்று துண்டு குட்டையாக விழுகிறது. ஒன்று ஒரு விரல் குறைவு, ஒன்று இரண்டு விரல். கட்டர் கத்தியைத் தீட்டினேன், பிரயோஜனம் இல்லை. அளவுக்கட்டையைக் கழற்றி மாட்டினேன், அதிலும் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக அளந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி அளந்தால் ஆர்டர் இந்த வருஷம் முடியாது.

ஒரு நல்ல செய்தி. பின்கதவுக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி வருஷக்கணக்காக என் உயிரை எடுத்தாயே. அது இப்போது சத்தமே போடுவதில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகவே சரியாகிவிட்டது. திறந்து மூடிப் பார்த்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது.

உன் செருப்பு ஒரு ஜோடி வாசலில் கிடந்தது. தூசி படிகிறது என்று துடைத்து உள்ளே வைத்திருக்கிறேன்.


ஏப்ரல் 14

உங்களுக்கு,

குட்டைத் துண்டு என்றால் இழுக்கிற ரோலர் வழுக்குகிறது. ரோலரில் எண்ணெய் படிந்திருக்கும், துடையுங்கள். ஸ்பிரிங்கை அரைத் திருகு இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் கம்பி சப்பையாகிவிடும். சுருள் ஸ்டாண்டின் பிரேக் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷினைப் பற்றி அவ்வளவுதான்.

இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

ரோலர் வழுக்கினால் கீச்சென்று கத்தும். தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நீங்கள் அதன் பக்கத்தில் நின்று கட்டர் கத்தியைத் தீட்டியிருக்கிறீர்கள். டை தட்டும் சத்தம் ஒரு வாரம் வந்திருக்கும், உங்களுக்குத் தெரியவில்லை. கீல் தானாகச் சரியாகாது. இரும்பு தானாக நல்ல புத்தி பெற்று நான் பார்த்ததில்லை.

உங்கள் மூன்று கடிதத்தையும் கட்டில்மேல் பரப்பி வைத்துப் படித்தேன். மூன்றிலும் ஒரு ஆள்கூட வாய் திறக்கவில்லை. கூண்டுக்காரர் கம்பியை நீட்டுகிறார், தோளில் தட்டுகிறார். தையல்காரர் கையை உதறுகிறார். அவர் வாய் ஓயாத மனுஷர் என்று நமக்குத் தெரியாதா? அவர் கூப்பிட்டிருப்பார், நீங்கள் திரும்பியிருக்க மாட்டீர்கள். போன் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

போன வாரம் இங்கே காதுப் பரிசோதனை நடந்தது. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து மெல்லிசாகச் சத்தம் விடுவார்கள், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எனக்கு முன்னால் போன பழைய ஆள் விரலைத் தூக்காமலே வெளியே வந்தார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மெஷின் பக்கத்துல ரொம்ப வருஷம் நின்னா மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். கீச்சுனு வர்றது, டிக்குனு வர்றது எல்லாம். மோட்டார் உறுமறது கேக்கும். அதனால காது நல்லா இருக்குன்னே நெனச்சுப்பாங்க. அப்புறம் பொம்பளைங்க குரல் போகும்" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு ஃபேக்டரிப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்குக் காது கேட்கிறதா? எப்போதிலிருந்து கேட்கவில்லை? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இரண்டு வருஷம் என்னை வேண்டாதவள் என்று நினைக்கவைத்தீர்களே. எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. எது முதலில் என்று தெரியவில்லை.

பதில் வரும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். அது கெட்டுப்போகும்போது முதலில் சத்தம்தான் போடும்.


ஏப்ரல் 21

ரோலரைத் துடைத்தேன். நீளம் சரியாகிவிட்டது.

எனக்கு ஒன்றும் இல்லை. நீ அங்கே ஒரு பரிசோதனையைப் பார்த்துவிட்டு எனக்கு வியாதி கண்டுபிடிக்கிறாய். மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆர்டர் பாதி முடிந்துவிட்டது. இனிமேல் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எழுத வேண்டாம்.


மே 2

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உங்கள் மெஷின் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து மாடிப்படியில் தபால் கிடக்கிறதா என்று பார்க்கிறேன். பேக்கிங்காரி, "யாருக்காக இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறீங்க?" என்கிறாள். மின்சாரக் கட்டண நோட்டீசும் சைக்கிள் கடைக்காரரின் தபாலும்தான் வருகின்றன.

மெஷினை நிறுத்தினீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.


மே 10

நோட்டுக்காரிக்கு,

நிறுத்திவிட்டேன். எப்படி நின்றது என்று சொல்கிறேன். நடுவில் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

நீ இரண்டாம் தடவை இறுக்கச் சொன்ன திருகுகளை நான் இறுக்கவில்லை. மறந்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்படி ஓட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சத்தத்தை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாததால், கொஞ்ச நாளாகவே மூடியைத் திறந்துவைத்துக் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது டை கழன்றது. என் தலைக்குப் பக்கத்தில் ஏதோ போன மாதிரி இருந்தது. கம்பி மடங்கி நின்றதும் மெஷினை அணைத்தேன். என்ன போயிற்று என்று கீழே தேடிக்கொண்டிருந்தேன். முதுகில் காற்று வந்தது. ஜன்னல் மூடித்தானே இருந்தது என்று திரும்பிப் பார்த்தால், ஜன்னலில் கண்ணாடியே இல்லை. தரை முழுக்கச் சில்லு. அது உடைந்ததே எனக்குத் தெரியாது.

தையல்காரர் ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு பையிலிருந்து துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, மெஷின் மூடிமேல் எழுதினார்: "கண்ணாடி உடைந்ததும் மூன்று தடவை கத்தினேன். உள்ளே செத்துக் கிடக்கிறாய் என்று நினைத்தேன்." அந்த எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. முதலில் கடிகாரம் போயிற்று. ஒரு நாள் அதற்குச் சாவி கொடுக்கப் போனேன், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு டை தட்டுவது போயிற்று. காது மாஸ்டர் என்று பெயர் வாங்கியவன், கேட்கவில்லை என்று யாரிடம் சொல்வேன்? கூண்டுக்காரருக்குத் தெரிந்தால் வேறு இடம் பார்த்துவிடுவார் என்று பயம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன்னிடம் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது. அதன் பிறகு உன் குரலும் போயிற்று. நீ அடுப்படியில் பேசுவது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது மாதிரி இருக்கும். என்ன என்று கேட்டால் நீ திருப்பிச் சொல்வாய், அதுவும் புரியாது. மூன்றாம் தடவை கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் தலையாட்டப் பழகினேன். பாதி நேரம் அது சரியாகவே இருந்தது.

நீ போகட்டுமா என்று கேட்டது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெட்டியோடு வாசலில் நின்றாயே, அப்போதாவது ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நீ பதில் சொல்வாய். அந்தப் பதில் எனக்குக் கேட்காது. அதனால் கேட்கவில்லை.

உன் முதல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பூராவும் திட்டு. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. நீ சொல்வது முழுக்க எனக்குப் புரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மெஷினைப் பூட்டிவிட்டேன். ஜன்னலில் அட்டையை வைத்து அடைத்திருக்கிறேன். காற்று வந்தால் அட்டை ஆடுகிறது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாள் ரொம்ப நீளமாக இருக்கிறது.


மே 16

உங்களுக்கு,

கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். பேக்கிங்காரி வந்து என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல, ஜன்னல் ஒண்ணு உடைஞ்சிருச்சு" என்றேன். அப்புறம் ஒரு பாட்டம் அழுதேன்.

அந்த டை நாலு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் எனக்கு யார் எழுதியிருப்பார்கள்?

உங்களைத் திட்ட எனக்கு நிறைய இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். பாதி திட்டு எனக்கும் சேரும். அதில் இரண்டு வருஷத்துக்கு மேல் உங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். கம்பியில் ஒரு மயிரிழை கோணல் இருந்தால் கண்டுபிடிக்கிறவள், இதைக் கண்டுபிடிக்க நூறு மைல் தள்ளி வந்து உட்கார வேண்டியிருந்தது.

வேலையை விடவில்லை. எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் வந்துவிடுவேன். சனிக்கிழமை உங்களைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவேன். காதில் வைக்கிற கருவியில் நல்லது இருக்கிறதாம். கூண்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கம்பி நேராக வந்தால் அவருக்குப் போதும், அதைக் காதால் செட் பண்ணினோமா, கண்ணால் செட் பண்ணினோமா என்று கோழி கேட்கப் போவதில்லை.

மெஷினையும் யோசித்தேன். இங்கே ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மெஷின் பலகைமேல் வைத்துப் பார்த்தேன். டை நன்றாக இருக்கும்போது தண்ணீரில் நடுவில் மட்டும் சின்ன வளையம் வருகிறது. தேய்ந்த டையை மாட்டினால் விளிம்பில் சிதறுகிறது. ரோலர் வழுக்கும்போது பலகையில் உள்ளங்கையை வைத்தால் கூசுகிறது. நோட்டில் தனியாக நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். நான் வருவதற்கு முன்னால் மட்டும் பூட்டைத் திறக்காதீர்கள்.

வாசலில் நின்று கதவைத் தட்ட மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளே வந்து பட்டறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். திரும்பிப் பாருங்கள்.

அப்புறம் அன்றைக்கு அடுப்படி வாசலில் கேட்டதை மறுபடியும் கேட்பேன். இந்தத் தடவை காகிதத்தில் எழுதி உங்கள் கையில் கொடுப்பேன். அவசரம் இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். போ என்றாலும் இரு என்றாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.